இழையில் தொங்கிய மூன்று பூட்டுகள்

போன வாரம் நான் வேலை பார்த்த ஆய்வகத்திலிருந்து போன் வந்தது. என் இடத்தில் இப்போது இருக்கும் சங்கீதா பேசினாள்.

"சார், பாலத்துல ஒட்டுன சென்சாரு நாலு நாளா ஏறிக்கினே போவுது. கம்பெனிக்காரங்களுக்கு மெயில் போட்டேன், பதிலே இல்ல. இன்னா சார் பண்றது?"

"அதுல இன்னா தொங்குதுன்னு போய்ப் பாரு."

"சார், அது லேசர் சென்சார். அதுல இன்னா தொங்கும்?"

"போய்ப் பாத்துட்டுப் பேசும்மா."

ஒரு மணி நேரம் கழித்து மறுபடி கூப்பிட்டாள். பாலத்துக்குப் பெயின்ட் அடிக்கும் ஆள் தன் சாப்பாட்டுப் பையை அதில் மாட்டி வைத்திருந்தாராம். எப்படிக் கண்டுபிடித்தீர்கள் என்று கேட்டாள். நான் கண்டுபிடிக்கவில்லை. முன்பு ஒரு முறை நன்றாக மாட்டிக்கொண்டவன், அவ்வளவுதான். அதை எழுதிக் கொடுங்கள் சார், எங்களுக்கு உதவும் என்றாள். உதவுமோ என்னவோ, எழுதுகிறேன்.

என் படிப்பைப் பற்றி முதலில் சொல்லிவிடுவது நல்லது. பாகூர் பக்கம் எங்கள் ஊர். எட்டாம் வகுப்பில் பாதியில் நின்றேன். கணக்கு வாத்தியார் அடித்ததால் ஓடிவிட்டேன் என்று வீட்டில் இன்னும் சொல்கிறார்கள். வாத்தியார் நல்லவர். பஸ் வந்தது, ஏறிவிட்டேன். அதன்பிறகு விழுப்புரத்தில் ஒரு சைக்கிள் கடையில் பஞ்சர் ஒட்டினேன். நாக்பூர் வரை லாரியில் கிளீனராகப் போனேன். லாரி டயர் ஏறி இடது காலில் இரண்டு விரல் போயிற்று. செருப்பு அதே அளவுதான் என்பதால் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. கொத்தனாருக்குச் சிற்றாளாக இருந்தேன். சில நாள் சோறு இருந்தது, சில நாள் டீ இருந்தது. கடைசியாக டெலிபோன் கேபிள் புதைக்கப் பள்ளம் வெட்டும் வேலை. பள்ளத்துக்குப் பக்கத்தில் ஒரு வேன் நிற்கும். உள்ளே கண்ணாடி இழைகளை ஒட்டுவார்கள். அந்த வேனில் ஏ.சி. உண்டு. வெயிலுக்குப் பயந்து, தண்ணீர் கொண்டுவருகிறேன், துடைக்கிறேன் என்று சாக்குச் சொல்லி உள்ளே போய் உட்காருவேன். வேடிக்கை பார்த்தே ஒட்டக் கற்றுக்கொண்டேன்.

அந்த வேலையும் முடிந்தபோது புதுச்சேரியில் இருந்தேன். ஒரு கல்லூரி ஆய்வகத்தில் கண்ணாடி இழை ஒட்டத் தெரிந்த ஆள் தேடுகிறார்கள் என்று டீக்கடையில் கேள்விப்பட்டுப் போனேன். அங்கே இருந்தவர் டாக்டர் கனகவல்லி. நாங்கள் மேடம் என்போம். ஒல்லியான உடம்பு, கஞ்சி போட்ட காட்டன் சேலை, மூக்கின் நுனியில் கண்ணாடி.

"என்ன படிச்சிருக்கீங்க?"

"எட்டாவது மேடம். பாதி."

"எந்தப் பாதி?"

"முதல் பாதி."

"பரவாயில்ல. ரெண்டாம் பாதியில பெருசா ஒன்னும் இல்ல" என்று சொல்லி இரண்டு இழைத் துண்டுகளை என் கையில் கொடுத்தார்.

மேல் உறையை உரித்தேன். ஸ்பிரிட் நனைத்த தாளால் துடைத்தேன். இழை சுத்தமாகிவிட்டால் தாளுக்குள் 'கீச்' என்று ஒரு சின்னச் சத்தம் வரும். அது வரும்வரை துடைத்தேன். நுனியை வெட்டினேன். வெட்டிய துண்டைக் கீழே போடாமல் ஒட்டும் டேப்பில் ஒட்டி வைத்தேன், ஏனென்றால் அந்தத் துண்டு விரலில் ஏறினால் கண்ணுக்குத் தெரியாது, சோற்றில் விழுந்தாலும் தெரியாது. இயந்திரத்தில் வைத்து ஒட்டிக் கொடுத்தேன். மேடம் ஒட்டிய இடத்தைப் பார்க்கவில்லை. டேப்பில் இருந்த துண்டுகளை எண்ணினார்.

"ரெண்டு வெட்டு, ரெண்டு துண்டு. நாளைக்கு வந்துடுங்க" என்றார்.

அங்கே செய்த வேலை இதுதான். சாதாரணக் கண்ணாடி இழை ஒளியைக் கொண்டுபோகும், அவ்வளவுதான். எங்கள் இழையில் எர்பியம் என்று ஒரு சரக்கு கலந்திருக்கும். ஒரு முனையில் ஒளியை ஊட்டினால், நடுவில் விரல் நீளத்துக்கு ஒரு துண்டில் ஒளி முன்னும் பின்னும் மோதி, அந்த இடமே லேசராகி, ஒரே ஒரு நிறத்தில் ஒளி விடும். அந்த நிறம் கண்ணுக்குத் தெரியாது. இயந்திரம் அதை எண்ணாகக் காட்டும். இழையை இழுத்தால் அந்தத் துண்டு நீளும், நிறம் நகரும், எண் ஏறும். விட்டால் இறங்கும். எவ்வளவு இழுத்தால் ஏறும் என்று கேட்டால், முடியின் தடிமனைப் பல பங்காக வெட்டி அதில் ஒரு பங்கு நீண்டால்கூட ஏறும்.

சேர்ந்த வாரமே இதைப் புரிந்துகொண்டேன். மேசையில் லேசாகச் சாய்ந்தபடி நின்றேன். மேடம் முதுகைக் காட்டி உட்கார்ந்து இயந்திரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். திரும்பாமலே, "கைய எடுங்க சேகர்" என்றார். இன்னொரு நாள் எண் மெல்ல மெல்ல ஏறியது. "பிரின்சிபால் வர்றார்" என்றார். அரை நிமிடத்தில் பிரின்சிபால் உள்ளே வந்தார். பருமனான மனிதர். அவர் போன பிறகு எண் இறங்கும்வரை மேடம் காத்திருந்து, நோட்டில் எழுதினார்.

நோட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். நீல அட்டை போட்ட நீள நோட்டு. ஆய்வகத்தில் நடக்கும் எல்லாம் அதில் நேரத்தோடு ஏற வேண்டும். மின்விசிறி போட்டது, கதவு திறந்தது, பஸ் போனது. "11.10. சேகர் தும்மினார்" என்று அவர் கையெழுத்திலேயே இருக்கிறது. மேடம் கத்தமாட்டார், திட்டமாட்டார். தப்பு நடந்தால் கண்ணாடியைக் கழற்றி, சேலை முந்தானையில் துடைத்து, மறுபடி போட்டுக்கொண்டு ஒரே கேள்வி கேட்பார்: "எழுதிட்டீங்களா?" எழுதியிருந்தால் தப்பே இல்லை. எழுதாவிட்டால் சரியாகச் செய்ததும் தப்பு.

இழைக்குச் சூடு பட்டாலும் எண் ஏறும். அப்படியானால் இழுபட்டதா, வெயில் பட்டதா என்று எப்படித் தெரியும்? அதற்காக எப்போதும் இரண்டு இழை வைப்போம். ஒன்றை இரு முனையிலும் ஒட்டி விறைப்பாக இழுத்துக் கட்டுவோம். பக்கத்திலேயே இன்னொன்றைத் தளர்வாக, எதிலும் ஒட்டாமல் விடுவோம். இரண்டும் ஒரே வெயிலில் காயும், ஆனால் இழுபடுவது ஒன்றுதான். ஒன்றின் எண்ணிலிருந்து மற்றதன் எண்ணைக் கழித்தால் மிச்சம் இழுப்பு. இழுபடுகிறவளை அக்கா என்றும் சும்மா இருப்பவளைத் தங்கச்சி என்றும் நான் சொல்ல ஆரம்பித்தேன். மேடத்துக்கு இரண்டு தங்கைகள். சிரிக்காமல், "சரியாத்தான் சொல்றீங்க" என்றார்.

ஒட்டுவதுதான் பெரிய வித்தை. நோணாங்குப்பம் படகுத்துறையில் ஒரு படகின் அடிப்பலகையில் இழையை ஒட்டி, ஆள் ஏற ஏற பலகை எவ்வளவு வளைகிறது என்று பார்க்கப் போனோம். ஆராய்ச்சி மாணவர் ஒருவர் பசையைத் தாராளமாக, தோசைக்கு எண்ணெய் விடுவதுபோல் ஊற்றி ஒட்டினார். நாற்பது பேர் ஏறிப் படகு முக்கால்வாசி அமிழ்ந்தது, எண் அசையவில்லை. படகோட்டி, "யம்மா, படகு முழுவுனா உங்க மிசினு சொல்லுமா, நாங்க சொல்லணுமா?" என்று கேட்டார். பலகை நீண்டது உண்மை. தடியான பசை ரப்பர் மாதிரி அந்த இழுப்பைத் தானே வாங்கிக்கொண்டு இழைக்குக் கொடுக்காமல் விட்டுவிட்டது. மறுநாள் நான் ஒட்டினேன். பஞ்சர் ஒட்டுவது போலத்தான்: பரப்பைச் சுரண்டி, துடைத்து, மெல்லிசாக ஒரு பூச்சு, காயவிட்டு, அழுத்தம். ஒரு அம்மாள் ஏறியதும் எண் ஏறியது. அந்த அம்மாள் எத்தனை கிலோ என்று படகோட்டி எங்களிடம் கேட்டு வாங்கிக்கட்டிக்கொண்டார். சைக்கிள் கடையில் கற்றது வீண்போகவில்லை என்று அன்று ரொம்பப் பெருமைப்பட்டேன். அந்தப் பெருமைதான் அடுத்த வேலையில் என்னைக் கவிழ்த்தது.

சுனாமி வந்துபோன அடுத்த வருஷம். ஊருக்குள் ஒரு பழைய மாதாகோயில். பிரெஞ்சுக்காரர்கள் காலத்துக் கட்டடம், சுண்ணாம்புச் சுவர். அதன் பக்க வளைவில் ஒரு விரிசல் இருந்தது. எப்போதிலிருந்து இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது. சுனாமிக்குப் பிறகு பெரிதாகிவிட்டது என்று சிலர் சொல்ல, பங்குச் சாமியார் பயந்துபோய் மேடத்திடம் வந்தார். விரிசல் நகர்கிறதா, சும்மா இருக்கிறதா, இது தெரிய வேண்டும். நகர்ந்தால் கோயிலை மூடிவிட்டு முட்டுக்கொடுத்து வேலை பார்க்க வேண்டும்.

அந்தக் கோயிலின் கோவில்பிள்ளை சூசை அண்ணன். மணி அடிப்பது, மெழுகுவத்தி துடைப்பது, பூசைக்கு எல்லாம் எடுத்துவைப்பது அவர் வேலை. நாங்கள் சாமான் இறக்கும்போதே என்னை ஓரமாக இழுத்துக்கொண்டு போனார்.

"சேகரு, என் பொண்ணு ரோஸ்லினுக்கு ஆறாவது வாரம் இங்கதான் கல்யாணம். மாப்ள பிரான்சு மிலிட்டரியில இருக்கான். லீவு மொத்தமே ஒரு மாசம். அவங்கம்மா கல்யாணம் ஆனதும் இந்தக் கோயில்ல. இங்க இல்லன்னா சகுனம் சரியில்லன்னு அந்தம்மா வேற பொண்ணு பாக்கப் போயிடும். உன் மிசினு கோயில மூடச் சொல்லுமா?"

"மிசினு ஒன்னும் சொல்லாதுண்ணே. சுவரு இன்னா பண்ணுதோ அத்த காட்டும்."

"சுவரு ஒன்னும் பண்ணாது. எங்கப்பா காலத்துலேந்து அப்டியேதான் நிக்குது. நீ மட்டும் தப்பா ஒட்டிடாத."

தப்பாக ஒட்டவில்லை. விரிசலின் இரண்டு பக்கமும் பித்தளைக் கட்டை ஒன்று பதித்து, ஒரு முழ நீளத்துக்கு அக்காவை விறைப்பாகக் கட்டினேன். தங்கச்சியைப் பக்கத்தில் தளரவிட்டேன். இரண்டையும் மெல்லிய மஞ்சள் பிளாஸ்டிக் குழாய்க்குள் விட்டேன். கேபிள் கடையில் அந்த நிறத்தில்தான் கிடைக்கும். அங்கிருந்து ஒரு நீள இழையைச் சுவரோரமாக மாடிக்குக் கொண்டுபோய், பாட்டுக்காரர்கள் நிற்கும் இடத்துக்குப் பின்னால் இயந்திரத்தை வைத்தோம். மேடம் அன்றைய எண்ணைப் பூஜ்யம் என்று எழுதிக்கொண்டார். பிறகு விதி சொன்னார். இன்னும் ஆறு வாரத்துக்கு நாங்கள் யாரும் அந்த வளைவுக்குப் பத்தடிக்குள் போகக் கூடாது. உடம்புச் சூடும் கால் அதிர்வும் கணக்கைக் கெடுக்கும். நான் தினமும் காலையில் வெளிப்பக்கப் படியேறி மாடிக்குப் போய், எண்ணை எழுதிக்கொண்டு அதே வழியில் இறங்கிவிட வேண்டும். நாற்பதைத் தாண்டினால் கோயிலை மூட வேண்டும் என்று சாமியாரிடமும் சொன்னார்.

அந்த வளைவுக்குப் பக்கத்துச் சுவர் மாடத்தில் அந்தோணியார் சிலை இருந்தது. அது எங்களுக்கு ஒரு விஷயமாகவே படவில்லை.

நாங்கள் கிளம்பும் நேரம். மெழுகுவத்தி ஏற்றிய ஒருவர் கையில் ஒட்டிய மெழுகை எங்கள் மஞ்சள் குழாயில் துடைத்ததைப் பார்த்தேன். இன்னொரு அம்மாள் குடையை அதில் மாட்டப் போனார். ஓடிப்போய்த் தடுத்தேன். ஆறு வாரம் யார் காவல் காப்பது? நம் ஊரில் சுவரை யாரும் அசிங்கப்படுத்தாமல் இருக்க என்ன செய்வார்கள்? சாமி படம் ஒட்டுவார்கள். நான் கொத்தனாரிடம் இருந்தபோது எத்தனையோ சுவரில் ஒட்டியிருக்கிறேன், ஒரு தடவையும் தோற்றதில்லை. கடைக்குப் போய் அட்டையில் ஒட்டிய அந்தோணியார் படம் ஒன்று வாங்கி வந்து, குழாய்க்கு மேலே சுவரில் ஒட்டினேன். பஞ்சர் ஒட்டுவது மாதிரி, மெல்லிசாக. யாரும் அதன்பிறகு கையைத் துடைக்கவில்லை. மேடம் ஜீப்பில் ஏறிவிட்டார். நோட்டில் எழுதவில்லை. படம் ஒட்டுவது விஞ்ஞானமா என்ன?

மறுநாள் காலை எண் இரண்டு. மேடம், "பசை இறுகுது போல" என்றார்.

முதல் செவ்வாய்க்கிழமை முடிந்து புதன் காலை போனேன். எட்டு. அடுத்த செவ்வாய்க்குப் பிறகு பதினைந்து. தங்கச்சி அசையவில்லை, அதனால் வெயில் இல்லை. மற்ற நாட்களில் எண் அப்படியே நின்றது. செவ்வாயில் மட்டும் ஏறியது; ஏறினால் இறங்கவில்லை.

மேடம் என்னோடு சாமியார் அறைக்குப் போய் விஷயத்தைச் சொன்னார். சூசை அண்ணன் காபி கொண்டுவந்து வைத்துவிட்டு, தட்டை மார்போடு அணைத்துக்கொண்டு நின்றார்.

"சுவரு செவ்வாக்கெழம பாத்து விரியுமாம்மா?" என்றார் சாமியார்.

"ஏன்னு தெரியல ஃபாதர். ஏறுதுங்கிறது தெரியுது."

மறுநாள் வியாழன். செவ்வாய் இல்லை. ஆனால் எண் இருபது.

மூன்றாம் செவ்வாய்க்குப் பிறகு இருபத்தாறு. மறுபடி சாமியார் அறை, மறுபடி காபி. "இப்படியே போனா மூட வேண்டி வரும்" என்றார் மேடம். சூசை அண்ணன் தட்டைக் கீழே போட்டார். மறுநாள் முப்பத்தொன்று.

செவ்வாயில் என்ன நடக்கிறது என்று மேடம் மண்டையைப் போட்டு உடைத்துக்கொண்டார். அன்று லாரி அதிகம் ஓடுகிறதா என்று என்னைத் தெருமுனையில் நிறுத்தி எண்ணச் சொன்னார். எண்ணினேன். திங்களைவிடக் குறைவு. கடல் அலையா என்று வைத்திக்குப்பம் மீனவர்களிடம் கேட்கச் சொன்னார். "அலைக்கு ஏதுப்பா செவ்வா, புதனு?" என்று என்னைப் பார்த்துச் சிரித்தார்கள், கையில் இரண்டு சங்கரா மீனைக் கொடுத்து அனுப்பினார்கள். அதையும் எழுதினேன். நேரத்தோடு.

நாலாம் செவ்வாய்க்குப் பிறகு முப்பத்தாறு. அன்று சாமியார் அறையில் யாரும் காபி குடிக்கவில்லை.

"நாற்பது தாண்டுச்சுன்னா ஞாயித்துக்கெழமையிலேந்து கோயில மூடிடறேன்" என்றார் சாமியார். "பூசைய ஸ்கூல் ஹால்ல வச்சுக்கலாம். சூச, பொண்ணு கல்யாணத்த…"

"வேணாம் சாமி" என்றார் சூசை அண்ணன். "ஹால்னா அந்தம்மா ஒத்துக்காது சாமி. கோயிலே வெடிச்சிருக்குன்னு சொல்லிடும்."

வியாழன் காலை மேடமும் என்னோடு மாடிக்கு வந்தார். நாற்பத்தொன்று.

மேடம் நோட்டை மடியில் வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறகு மெல்லிய குரலில் கேட்டார்: "சேகர், செவ்வாய விடுங்க. மத்த மூணு ஏத்தமும் எப்ப வந்திருக்கு பாருங்க. ஃபாதர் ரூம்ல நாம பேசுன மறுநாள், மறுநாள், மறுநாள். இந்த வளைவு நாம பேசுறதக் கேக்குதா?"

பி.எச்டி. வாங்கியவர் அப்படிக் கேட்டால் எட்டாவது பாதி என்ன பதில் சொல்ல முடியும்? வளைவு கேட்காது. அப்படியானால் யார் கேட்டார்கள்? அந்த அறையில் இருந்தது நாலு பேர்.

கீழே இறங்கிப்போய் சூசை அண்ணனைத் தேடினேன். மணிக்கயிறுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். சவரம் செய்திருக்கவில்லை.

"அண்ணே, சாமியார் ரூம்ல நாம பேசுன அன்னிக்கெல்லாம், அப்புறமா நீங்க இன்னா பண்ணீங்க?"

"இன்னா பண்ணுவேன்? வேண்டிக்கிட்டேன்."

"வேண்டிக்கிட்டு?"

"பூட்டு மாட்டுனேன்."

"எங்க?"

"எங்கன்னு கேக்குற பாரு! அந்தோணியாரு மஞ்சக் கயித்துலதான். எல்லாரும் எங்க மாட்டுறாங்களோ அங்க."

"எல்லாருமா?"

"ஏம்ப்பா, செவ்வாக்கெழம அந்தோணியாரு நாளுன்னு ஒனக்குத் தெரியாதா? எவ்ளோ கூட்டம் வருது! தொட்டிலு, துணி முடிச்சு, ஒரு அம்மா வீட்டு மாதிரி தகடுகூடத் தொங்கவுட்டிருக்கு. நீதானப்பா அவரு படத்த ஒட்டி, கீழ மஞ்சக் கயிறு கட்டிக் குடுத்த? நல்ல காரியம் பண்ணியிருக்கான் இந்து புள்ளன்னு நான் சொல்லாத ஆளு இல்ல."

"அண்ணே, இத்த ஏன் எங்ககிட்ட சொல்லல?"

"நீ என்னிக்குக் கேட்ட? தெனமும் வெளிப்பக்கமா ஏறுற, வெளிப்பக்கமா எறங்குற. கோயிலுக்குள்ள வராத ஆளுகிட்ட இன்னாத்த சொல்றது?"

பத்தடிக்குள் போகக் கூடாது என்ற விதியை ஊரில் மூன்றே பேர் கடைப்பிடித்திருக்கிறோம். மேடம், நான், அந்த ஆராய்ச்சி மாணவர். மற்ற எல்லோரும் உள்ளே போய்ச் சுமை ஏற்றியிருக்கிறார்கள். சுமை ஏறியதும் எண் ஏறியிருக்கிறது. எண் ஏறியதைக் கேட்டு சூசை அண்ணன் ஒரு பூட்டை மாட்டியிருக்கிறார். பூட்டு மாட்டியதும் எண் ஏறியிருக்கிறது. கல்யாணம் நடக்க வேண்டும் என்று அவர் வேண்டியதெல்லாம் கல்யாணத்தை நிறுத்தப் போய்க்கொண்டிருந்தது.

இதையெல்லாம் மேடத்திடம் சொல்லலாம். ஆனால் படம்? அந்த வாரம்தான் என்னை நிரந்தரமாக்கும் கடிதம் பிரின்சிபால் மேசையில் இருந்தது. "அண்ணே, படம் ஒட்டுனது நான்னு மேடத்துகிட்ட சொல்லாதீங்க" என்றேன். சூசை அண்ணன் என்னைப் பார்த்தார். "சரி" என்றார்.

மேடம் வளைவுக்குக் கீழே வந்து நின்றார். மஞ்சள் குழாய் தெரியவே இல்லை. பொம்மைத் தொட்டில்கள் வரிசையாக, கலர் கலராகத் துணி முடிச்சுகள், காய்ந்த மல்லிகை, நடுவில் மூன்று குட்டிப் பூட்டு. குழாய் பாரம் தாங்காமல் சிரிப்பதுபோல் வளைந்திருந்தது. பாரத்தில் பெரும்பங்கைக் குழாய் தாங்கியிருக்கிறது. மிச்சம் கொஞ்சத்தை அக்கா தாங்கியிருக்கிறாள். அறுந்துபோகாதது அவள் குணம்.

சாமியார் வந்து பார்த்துவிட்டு நெற்றியில் அடித்துக்கொண்டார். உடனே எல்லாவற்றையும் பிடுங்கப் போனார். மேடம் தடுத்தார்.

"ஃபாதர், ஒன்னொன்னா எடுங்க. ஒவ்வொன்னுக்கும் எண் எவ்வளவு எறங்குதுன்னு எழுதணும்."

"வேண்டுதல எடுக்கறதுக்கு ஒரு ஜெபம் சொல்லணும்மா."

"சொல்லுங்க. நேரம் மட்டும் சொல்லிடுங்க."

அப்படி ஒரு காட்சியை நான் அதன்பிறகு பார்த்ததில்லை. சாமியார் ஒரு ஜெபம் சொல்லி ஒரு தொட்டிலை அவிழ்ப்பார். மாடியிலிருந்து ஆராய்ச்சி மாணவர் எண்ணைக் கத்துவார். மேடம் எழுதுவார். அவிழ்த்ததைச் சூசை அண்ணன் வாங்கி, மாடத்துக்கு மறுபக்கம் நான் அடித்த இரும்புக் கம்பியில் கட்டுவார். துணியும் தொட்டிலும் முடிந்தபோது எண் பதினேழு. மிச்சம் பூட்டுகள்.

"சாவி?" என்றார் மேடம்.

வேண்டுதல் பூட்டை மாட்டினால் சாவியைக் கடலில் போட்டுவிட வேண்டும், அதுதான் வழக்கம். பூட்டை அறுத்தால் அதிர்வில் இழை போய்விடும். எல்லோரும் சூசை அண்ணனைப் பார்த்தோம். அவர் தரையைப் பார்த்தார்.

"கடல்ல போட்டுட்டியா?" என்றார் சாமியார்.

"போடணும்னுதான் போனேன் சாமி."

"போனியா, போட்டியா?"

சூசை அண்ணன் மடியிலிருந்து ஒரு நூலை எடுத்தார். அதில் மூன்று சாவி கோத்திருந்தது. "கல்யாணம் முடிஞ்சா பொண்ணு பொட்டிக்கு ஆவுமேன்னு வச்சிருந்தேன் சாமி. புது பூட்டு."

சாமியார் அவரைப் பார்த்த பார்வையை நோட்டில் எழுதவில்லை. மூன்று பூட்டும் இறங்கின. பதினைந்து குறைந்தது.

எண் இரண்டு.

காத்திருந்தோம். இரண்டு. மேடம் மேலே போய்ப் பார்த்துவிட்டு வந்தார். இரண்டு.

"அவ்ளோதானம்மா, ரெண்டுதான?" என்றார் சாமியார். "கோயில தொறந்தே வச்சுக்கலாமில்ல?"

"மன்னிக்கணும் ஃபாதர். நாற்பத்தொன்னுல முப்பத்தொம்பதுக்குக் காரணம் தெரிஞ்சுடுச்சு. இந்த ரெண்டுக்குத் தெரியல. காரணம் தெரியாத ரெண்டு விரிசலா இருக்கலாம். ரெண்டு நிக்கிற வரைக்கும் சுவர் நகரலன்னு நான் கையெழுத்துப் போட மாட்டேன்."

அவர் போடமாட்டார் என்றால் போடமாட்டார். எனக்குத் தெரியும். சூசை அண்ணன் கையில் சாவிக்கொத்தை வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார். சரி என்று சொன்ன வார்த்தையைக் காப்பாற்றிக்கொண்டு நின்றார். அவர் திட்டியிருந்தால் நானும் பதிலுக்குத் திட்டிவிட்டுப் பேசாமல் இருந்திருப்பேன். வாழ்க்கையில் எத்தனையோ ஊரில் வேலையை விட்டிருக்கிறேன். பஸ் ஏறத் தெரியாதவனா நான்?

சுவருக்குப் போய்ப் படத்தைப் பார்த்தேன். கடல் காற்றில் அட்டை ஊறி, பசை இளகி, படம் கொஞ்சம் கீழே நழுவியிருந்தது. அதன் கீழ் விளிம்பு குழாயின் மேல் உட்கார்ந்திருந்தது. எடுத்தேன்.

"பூஜ்யம்!" என்று மாடியிலிருந்து குரல் வந்தது.

மேடம் என் கையில் இருந்த படத்தைப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றினார். முந்தானையில் துடைத்தார். போட்டுக்கொண்டார்.

"நான்தான் மேடம் ஒட்டுனேன். மொத நாளே" என்றேன்.

"எழுதிட்டீங்களா?"

"இல்ல மேடம்."

நோட்டை என்னிடம் நீட்டினார். முதல் நாள் பக்கத்தைத் திருப்பி, எழுதுவதற்கு இடம்விட்டு விரலை வைத்தார். மாலை ஐந்தேகால், அந்தோணியார் படம் ஒட்டப்பட்டது, ஒட்டியவர் சேகர் என்று எழுதினேன். பிறகு அன்றைய பக்கத்தில், படம் எடுக்கப்பட்டது, இரண்டு குறைந்தது என்று எழுதினேன். மேடம் படத்தை என்னிடமிருந்து வாங்கி அந்தப் பக்கத்திலேயே ஒட்டினார். பசையை ரொம்பத் தடியாகப் போட்டார். நான் ஒன்றும் சொல்லவில்லை. நிரந்தரக் கடிதம் அடுத்த வாரம் வந்தது. அதைப் பற்றி அவரும் ஒன்றும் சொல்லவில்லை.

கோயிலை மூடவில்லை. விரிசல் பழசு, நகரவில்லை, மழைக்கு முன் சுண்ணாம்பு வைத்து அடையுங்கள் என்று மேடம் எழுதிக் கொடுத்தார். ஆனால் ஆறு வாரம் முடியாததால் இயந்திரம் அங்கேயே ஓடியது. கல்யாணத்தன்றும் ஓடியது. மேடம் பட்டுச்சேலையில் வந்தவர், நேராக மாடிக்கு ஏறிப் பாட்டுக்காரர்களுக்குப் பின்னால் இயந்திரத்தின் முன் உட்கார்ந்துவிட்டார். என்னையும் நோட்டோடு உட்காரச் சொன்னார். கோயில் நிறையக் கூட்டம். மாப்பிள்ளையின் அம்மா கீழே முதல் வரிசையில் விறைப்பாக நின்றார். புதுக் கம்பியில் அவரும் ஏதோ கட்டிவிட்டு வந்ததைப் பார்த்தேன்.

அந்தப் பக்கம் இப்போதும் அந்த நோட்டில் இருக்கும். சங்கீதா எடுத்துப் பார்க்கலாம். என் கையெழுத்துதான்.

10.20. தாலி கட்டப்பட்டது. கூட்டம் எழுந்தது. எண் அரை ஏறியது.

10.24. கூட்டம் உட்கார்ந்தது. பூஜ்யம்.

10.41. மணி அடித்தது. அரை. திரும்பி வந்தது.

10.43. மணிக்கயிறைப் பிடித்துக்கொண்டு சூசை அழுதார். எண் மாறவில்லை.